செயலியில் 92 மதிப்பெண்; கடைப் பலகையைப் படிக்கத் தெரியவில்லை!

வாசகர் கேள்வி: குழந்தைகள் கற்றல் ஆலோசகர் பதில்

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கமிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.) கணவருக்குக் கொலுசுப் பட்டறையில் வேலை. இவர் வீட்டிலிருந்தபடியே கொலுசுக்குச் சலங்கை கோத்துக் கொடுக்கிறார். ஒரே மகள், 7 வயது, தனியார் ஆங்கிலவழிப் பள்ளியில் 2-ஆம் வகுப்பு. யூகேஜியிலிருந்தே வகுப்பில் ஸ்மார்ட் போர்டு உண்டு. இந்த ஜூன் முதல் தினமும் ஒரு பீரியட் டேப்லெட்டில் கற்றல் செயலி. வீட்டுப்பாடமும் அம்மாவின் போனில் அதே செயலியில்தான். இதற்காக 4,500 ரூபாய் தனியாக வாங்கியிருக்கிறார்கள். மாதாமாதம் வரும் அறிக்கையில் தமிழ் 92, கணக்கு 95.

காலாண்டு விடுமுறையில் நாத்தனார் வீட்டுக்கு ஏற்காடு போயிருக்கிறார்கள். பஸ்ஸில் நாத்தனார் மகனும் கூட வந்திருக்கிறான். அவனும் 2-ஆம் வகுப்புதான், மலையில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. வழியில் வந்த பலகைகளையெல்லாம் அவன் வாய்விட்டுப் படித்திருக்கிறான். கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்து, "இருபதுல பதினாலு போச்சு, இன்னும் ஆறு" என்றும் சொல்லியிருக்கிறான். இவருடைய மகள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஊர் திரும்பியதும் ஒரு தாளில் 13 - 5 என்று எழுதிக் கொடுத்தால், "ஆப்ஷன் எங்கேம்மா?" என்று கேட்டிருக்கிறாள்.

டேப்லெட் பிள்ளையின் மூளையைக் கெடுத்துவிட்டதா? இது டிஸ்லெக்சியாவா (படிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம் தரும் கற்றல் குறைபாடு)? ஏற்காட்டில் நாத்தனார் வீட்டில் விட்டு அரசுப் பள்ளியில் சேர்க்கச் சொல்கிறார் மாமியார். உலகமே கம்ப்யூட்டராகிவிட்டது, பிள்ளையைப் பின்னுக்கு இழுக்காதே என்கிறார் கணவர். யார் சொல்வதைக் கேட்பது? பள்ளி அந்தப் பணத்தைக் கட்டாயப்படுத்த முடியுமா? இவைதான் கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதம் முழுக்கப் 'பாப்பா' என்றே எழுதியிருக்கிறீர்கள், நானும் அப்படியே சொல்கிறேன். "ஆப்ஷன் எங்கேம்மா?" என்று அவள் கேட்டதைப் போகிறபோக்கில் ஒரு வரியாக எழுதிவிட்டுக் கடந்துபோய்விட்டீர்கள். எனக்கு அந்த வரியே பாதி விவரத்தைச் சொல்லிவிட்டது.

நான்கு விடைகளைக் காட்டி, சரியானதைத் தொடு என்றால் பாப்பா தொட்டுவிடுகிறாள். விடையைக் காட்டாமல், நீயே சொல், நீயே எழுது என்றால் நின்றுவிடுகிறாள். பார்த்து அடையாளம் காண்பதும், மனதிலிருந்து தானாக வரவழைப்பதும் இரண்டு தனித் திறமைகள். படிப்பதற்கும் எழுதுவதற்கும் கழிப்பதற்கும் இரண்டாவது திறமைதான் வேண்டும். பெரும்பாலான செயலிகள் அளப்பது முதலாவதை. ஏனென்றால் நான்கில் ஒன்றைத் தொடுவதைத் திருத்துவது கணினிக்குச் சுலபம். ஏழு வயதுப் பிள்ளை திக்கித் திக்கிப் படிப்பதையும், கோணல்மாணலாக எழுதியதையும் திருத்துவது அதற்குச் சுலபமில்லை.

ஆகவே அந்த 92 பொய்யில்லை. ஆனால் அது நீங்கள் நினைத்ததை அளந்த எண் இல்லை. உங்கள் வீட்டுக்காரர் தொழிலிலேயே, சீட்டில் எழுதியிருக்கிற டச்சை (வெள்ளியின் தூய்மை அளவை) நம்பி யாரும் வெள்ளி வாங்குவதில்லை, சோதித்துப் பார்த்துத்தானே வாங்குகிறார்கள்? இதையும் அப்படிச் சோதித்துவிடலாம். அதற்கு அரை மணி நேரம் போதும்.

வீட்டிலேயே செய்து பார்க்க வேண்டியவை

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பாப்பா சாப்பிட்டு உற்சாகமாக இருக்கும்போது, விளையாட்டு மாதிரி செய்யுங்கள். பரீட்சை என்று சொல்லிவிடாதீர்கள்.

*படமில்லாத சொற்கள்.* பால், மரம், கீரை, கொக்கு, வண்டி என்று தாளில் பெரிதாக எழுதிக் காட்டுங்கள். பிறகு அர்த்தமே இல்லாத மூன்று சொற்களை எழுதுங்கள்: மிலபு, தேபிகை, கொமசு. முன்னதைப் படித்துப் பின்னதில் தடுமாறினால், அவள் எழுத்துக் கூட்டிப் படிக்கவில்லை, சொல்லின் உருவத்தை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறாள் என்று அர்த்தம். படத்தோடும் குரலோடும் மட்டுமே சொற்களைப் பழகிய பிள்ளைகளிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன்.

*சொல்வதை எழுதுதல்.* ஐந்து சொல் சொல்லி எழுதச் சொல்லுங்கள். எத்தனை தப்பு என்று பார்க்காதீர்கள், எந்த இடத்தில் தப்பு என்று பாருங்கள். கொம்பா, கொக்கியா, புள்ளியா, குறில் நெடிலா? அந்தத் தாளைத் தேதி போட்டுப் பத்திரமாக வையுங்கள், பின்னால் பள்ளியில் காட்டுவதற்கு வேண்டும்.

*நாணயத்தில் 37.* பத்து ரூபாய் நாணயமும் ஒரு ரூபாய் நாணயமும் கொடுத்து 37 ரூபாய் வைக்கச் சொல்லுங்கள். வைத்த பிறகு, 37-ல் இருக்கிற 3 எது என்று கேளுங்கள். மூன்று ஒரு ரூபாயைக் காட்டினால் இடமதிப்பு புரியவில்லை. அது புரியாமல் கடன் வாங்கிக் கழிப்பது வெறும் சடங்கு.

*13 - 5.* முதலில் புளியங்கொட்டையை வைத்து, பிறகு கொட்டை இல்லாமல். கொட்டை இருந்தால் வருகிறது, இல்லாவிட்டால் வரவில்லை என்றால் கவலை வேண்டாம், பழக்கம்தான் குறைவு. கொட்டை இருந்தும் வராவிட்டால் 1-ஆம் வகுப்புக் கணக்கிலிருந்து தொடங்க வேண்டும்.

*செயலியில் அவள் என்ன செய்கிறாள்.* பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் சும்மா பாருங்கள். கேள்வியைச் செயலியே வாசித்துச் சொல்கிறதா? தப்பாகத் தொட்டால் மறுவாய்ப்புக் கொடுத்து அதற்கும் நட்சத்திரம் போடுகிறதா? பாப்பா யோசித்துத் தொடுகிறாளா, இல்லை நான்கையும் வரிசையாகத் தட்டிப் பார்க்கிறாளா? அந்த 92 எப்படி வந்தது என்பது இங்கே தெரிந்துவிடும்.

டேப்லெட் மூளையைக் கெடுத்ததா?

இல்லை. நான்கைந்து மாதம் தினம் ஒரு பீரியட் டேப்லெட் பார்த்ததால் மூளை கெட்டுப்போகாது. இந்தப் பயத்தை இன்றே விட்டுவிடுங்கள். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் வழிகாட்டுதல், 5 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்குத் திரை நேரம் நாளுக்கு 2 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது. டேப்லெட், வீட்டுப்பாட போன், டிவி, சாப்பிடும்போது காட்டும் வீடியோ எல்லாமே திரைதான். நீங்கள் முதல் இரண்டைத்தான் எழுதியிருக்கிறீர்கள். மற்ற இரண்டையும் கூட்டிப் பாருங்கள்.

நாம் கேட்க வேண்டியது, அந்த நேரம் எதிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை. பாப்பா ஒரு பக்கம் எழுதினாலே கை வலிக்கிறது என்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பென்சில் பிடித்த நேரம்தான் குறைந்திருக்கிறது. அமெரிக்காவில் கரின் ஜேம்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாவும் 2012-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகளை, சில எழுத்துகளைக் கையால் தானாக எழுதியும், சிலவற்றைப் புள்ளி மேல் தடம் பிடித்தும், சிலவற்றைக் கணினி விசையைத் தட்டியும் என மூன்று விதமாகப் பழக்கி, பிறகு அந்த எழுத்துகளைக் காட்டி மூளையைப் படமெடுத்தார்கள். படிப்பதற்குப் பயன்படும் மூளைப் பகுதிகள் கையால் எழுதிப் பழகிய எழுத்துகளுக்கே நன்றாக வேலை செய்தன. செயலியில் புள்ளி மேல் விரலை இழுப்பது எழுதுவதாகாது என்பதை நினைவில் வையுங்கள். அழகாக வரும், ஆனால் கைக்குள் போகாது.

தமிழுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. 'கொ' என்று எழுதும்போது கை முதலில் கொம்பைப் போடுகிறது, பிறகு க, பிறகு கால். போனில் தட்டும்போது முதலில் க, அதன் பிறகுதான் ஒகரக் குறி. பெரியவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. 247 எழுத்தையும் இப்போதுதான் பிடித்துக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு இரண்டு வரிசைகள் ஒரே நேரத்தில் வருகின்றன. நம் மாதிரி எழுத்துமுறை உள்ள கன்னடப் பிள்ளைகளிடம் சோனாலி நாக் என்ற ஆய்வாளர் செய்த ஆய்வுகள், எழுத்து முழுதும் வசப்பட 4, 5-ஆம் வகுப்புவரைகூட ஆகலாம் என்று காட்டின. ஆகவே 2-ஆம் வகுப்பில் தடுமாறுவதே பெரிய குறையில்லை. எழுதாமல் இருப்பதுதான் குறை.

உங்கள் கணவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது

கருவியே கூடாது என்று சொன்னால் நான் உண்மை பேசியவனாக மாட்டேன். ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டில் 1 முதல் 3-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவர்கள் தாய்மொழியிலேயே செய்யப்பட்ட கணக்குச் செயலியைத் தினம் அரை மணி நேரம், 8 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். கணக்கில் தெளிவான முன்னேற்றம் இருந்தது. டெல்லியில் கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்குப் பள்ளி விட்ட பிறகு கணினிவழிப் பயிற்சி கொடுத்த ஆய்விலும் நாலரை மாதத்தில் கணக்கும் இந்தியும் நன்றாக உயர்ந்தன. அதன் ரகசியம் திரை இல்லை. 7-ஆம் வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் 3-ஆம் வகுப்பு நிலையில் இருக்கிற பிள்ளைக்கு அந்த மென்பொருள் 3-ஆம் வகுப்பிலிருந்தே தொடங்கியது. மாறாக, பெரு நாட்டில் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு லேப்டாப் கொடுத்து 15 மாதம் கழித்துச் சோதித்தபோது கணக்கிலும் மொழியிலும் மாற்றம் எதுவும் தெரியவில்லை. பெட்டி ஒன்றுதான், அதற்குள் என்ன இருக்கிறது, கூட யார் இருக்கிறார் என்பதில்தான் எல்லாம்.

கதைப் புத்தகத்துக்கும் இதேதான். 8 வயது வரையுள்ள பிள்ளைகள் பற்றிய 39 ஆய்வுகளைத் தொகுத்து 2021-ல் வந்த ஒரு மதிப்பாய்வு, ஒரே கதையைத் தாளிலும் திரையிலும் கொடுத்தால் தாளில்தான் நன்றாகப் புரிகிறது என்கிறது. கதையோடு ஒட்டிய அசைவும் ஒலியும் இருந்தால் திரைக்கு நன்மை. கதைக்குச் சம்பந்தமில்லாத விளையாட்டுகளைச் சேர்த்தால் புரிதல் கெடும்.

கம்ப்யூட்டர் உலகத்தில் பின்தங்கிவிடுவாள் என்ற பயத்துக்கு ஒரே பதில்தான்: டேப்லெட் பயன்படுத்தக் கற்றுக்கொள்ள ஒரு பிள்ளைக்கு ஒரு வாரம் போதும். வகுப்பறைகளைக் கணினிமயமாக்குவதில் முன்னால் நின்ற சுவீடனே 2023-ல் சின்னப் பிள்ளைகளுக்கு அச்சுப் புத்தகத்தையும் கையெழுத்தையும் திரும்பக் கொண்டுவரத் தொடங்கியது என்பதை அவரிடம் சொல்லிப் பாருங்கள்.

ஏற்காட்டுப் பள்ளியில் டேப்லெட் இல்லையா?

நாத்தனார் மகன் நன்றாகப் படிப்பதற்குக் காரணம் அங்கே கருவி எதுவும் இல்லாததுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். இது சரியில்லை. கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்து பிள்ளைகள் பின்தங்கியதால் அரசு 2022-ல் 1 முதல் 3-ஆம் வகுப்புக்கு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைக் கொண்டுவந்தது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்து, அந்தந்த நிலைக்கு ஏற்ற பயிற்சி நூலைக் கொடுக்கிறார்கள். எந்தப் பிள்ளை எந்த நிலை என்பதை ஆசிரியர் மதிப்பிட்டுச் செயலியில் பதிகிறார். பாடப்புத்தகத்தில் க்யூஆர் குறியீடும் உண்டு. ஆக அங்கேயும் தொழில்நுட்பம் இருக்கிறது, பெரும்பாலும் ஆசிரியர் கையில். பிள்ளை கையில் பென்சிலும் அட்டையும் மணியும். (பதிவேற்றுவதிலேயே பாடம் நடத்தும் நேரம் போகிறது என்று ஆசிரியர்கள் புலம்புவதும் உண்மைதான், அது வேறு கதை.)

இன்னொன்று. அந்தப் பையனுக்கு வீட்டிலும் தமிழ், பள்ளியிலும் தமிழ். பாப்பா இரண்டு எழுத்துமுறைகளை ஒன்றாகச் சுமக்கிறாள், எண்ணுவதும் ஆங்கிலத்தில். இருவரையும் ஒரே அளவுகோலில் நிறுத்துவது நியாயமில்லை. முக்கியமாக, அவன் எதிரில் அவளைப் படிக்கச் சொல்லாதீர்கள். பஸ்ஸில் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டதற்குக் காரணம் தெரியாததுதான் என்று நினைக்காதீர்கள், வெட்கமும் இருக்கும்.

பள்ளி மாற்றலாமா?

ஏற்காட்டில் விடுவது வேண்டாம். இதை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். ஏழு வயதில், அம்மாவை விட்டுப் பிரிவதன் பாரம், கொம்பும் கொக்கியும் தெரியாததைவிடப் பெரிது. நாத்தனார் எவ்வளவு பாசமானவராக இருந்தாலும் சரி. மாமியாரிடம் இதைப் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

அரசுப் பள்ளிதான் என்று முடிவு செய்தால் சேலத்திலேயே, வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள மாநகராட்சிப் பள்ளியை நேரில் போய்ப் பாருங்கள். ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர்கள் என்று கேளுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிக்கு மாற உங்களுக்கு உரிமை உண்டு. மாற்றுச் சான்றிதழைத் தாமதம் செய்யாமல் கொடுக்க வேண்டும், அது வரவில்லை என்று சேர்க்க மறுக்கவும் முடியாது. அவசரமும் இல்லை. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கான புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்கும், மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கும் 6-ஆம் வகுப்பிலிருந்து படித்ததைத்தான் கணக்கில் எடுக்கிறார்கள். ஆனால் பாப்பா இப்போதைய பள்ளியில் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இலவச இடத்தில் சேர்ந்தவளா என்பதை எழுதவில்லை. அப்படியானால் வெளியே வந்தால் அந்த இடம் போய்விடும், யோசித்துச் செய்யுங்கள்.

பள்ளியிடம் என்ன கேட்பது?

"உங்க டேப்லெட்டாலதான்" என்று ஆரம்பித்தால் கதவு மூடிவிடும். தேதி போட்டு வைத்த அந்தத் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு வகுப்பாசிரியரைப் பாருங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது நோட்டில் சொல்வதை எழுதப் பயிற்சி வேண்டும். செயலி பாப்பாவை எந்த நிலையில் வைத்திருக்கிறது என்று காட்ட வேண்டும். போனில் வீட்டுப்பாடம் வேண்டாம். இந்த மூன்றைக் கேளுங்கள். மூன்றாவதற்குச் சட்டமும் துணை நிற்கிறது. 1, 2-ஆம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடமே கொடுக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-ல் உத்தரவிட்டது. மத்திய அரசின் 2020 பள்ளிப்பைக் கொள்கையும் அதையேதான் சொல்கிறது. தமிழைக் கட்டாயப் பாடமாக நடத்த வேண்டியதும் 2006 சட்டப்படி அவர்கள் கடமை.

4,500 ரூபாய் பற்றி: தனியார் பள்ளி வாங்கும் கட்டணத்தை 2009 சட்டத்தின்கீழ் அமைந்த கட்டண நிர்ணயக் குழு முடிவு செய்கிறது, அதற்கு மேல் வாங்கக் கூடாது. உங்கள் பள்ளிக்கு நிர்ணயித்த தொகை எவ்வளவு, இது அதற்குள் வருகிறதா என்று எழுத்தில் கேளுங்கள், ரசீதும் வாங்குங்கள். மழுப்பினால் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடம் மனு கொடுக்கலாம். ஆனால் இந்தச் சண்டையையும் பாப்பாவின் படிப்பையும் ஒரே நாளில் ஆசிரியரிடம் பேசாதீர்கள்.

வீட்டில் 20 நிமிடம்

சலங்கை கோக்கும் கைக்கு நேரம் கிடைப்பது அரிது என்று தெரியும். ஆகவே புதிதாக எதுவும் சேர்க்கவில்லை. கோக்கும்போது பாப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சலங்கைகளைப் பத்துப் பத்தாகப் பிரிக்கச் சொல்லுங்கள். நான்கு குவியலும் ஆறும் என்றால் எத்தனை? அதில் எட்டை எடுத்துக் கோத்துவிட்டால் மீதி? தமிழிலேயே சொல்லட்டும். தட்டுவடை செட் வாங்க அனுப்பும்போது மீதிச் சில்லறை எவ்வளவு வர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லவைத்து அனுப்புங்கள். மாமியாரிடம் பல்லாங்குழி இருந்தால் அவரையே இதற்குப் பொறுப்பாக்கிவிடுங்கள். பிள்ளைக்கும் கணக்கு வரும், அவருக்கும் மனக்குறை தீரும்.

இரவு படுக்கும் முன் நாலு வரிக் கதை, புத்தகத்திலிருந்து. ஒரு வரி நீங்கள், ஒரு வரி அவள். திக்கினால் ஐந்து நொடி பொறுத்து எழுத்துக் கூட்டிக் கொடுங்கள், சொல்லை முழுதாக எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். பிறகு அதில் வந்த மூன்று சொல்லைப் பார்க்காமல் எழுதட்டும். கை வலிக்கிறது என்றால் மூன்றோடு நிறுத்துங்கள்.

டிஸ்லெக்சியாவா?

உங்கள் கடிதத்தை வைத்து ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. பயிற்சியே கிடைக்காத பிள்ளைக்கும், பயிற்சி கிடைத்தும் வராத பிள்ளைக்கும் வெளிப்பார்வைக்கு ஒரே தடுமாற்றம்தான் தெரியும். முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே செய்துகொள்ளலாம். பிறகு மேலே சொன்ன 20 நிமிடத்தை விடாமல் மூன்று மாதம் செய்யுங்கள். பயிற்சிதான் குறைவென்றால் அதற்குள் தாளில் வித்தியாசம் தெரிந்துவிடும்.

தெரியாவிட்டால், ஒரே எழுத்தை நேற்றுப் படித்து இன்று மறந்தால், குடும்பத்தில் வேறு யாருக்காவது படிப்பில் இதே சிரமம் இருந்திருந்தால், குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டுக்கான மதிப்பீட்டுக்குப் போங்கள். 3-ஆம் வகுப்பு அல்லது 8 வயது, இதில் எது முதலில் வருகிறதோ அப்போது பள்ளியே முதல்கட்டச் சோதனை செய்ய வேண்டும் என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் இருக்கிறது. பாப்பாவுக்கு அந்த வயது அடுத்த ஆண்டே வந்துவிடும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இந்தக் குறைபாடும் சேர்க்கப்பட்டிருப்பதால், சான்று பெற்றால் பின்னால் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளைக் கேட்க வழி உண்டு. மதிப்பீட்டுக்குப் போகும்போது செயலியின் அறிக்கையையும், நீங்கள் தேதி போட்டு வைத்த தாள்களையும் இரண்டையுமே எடுத்துச் செல்லுங்கள்.